பிளசரில் போனவர்

நீ கேட்ட காரை அடையாளம் கண்டுவிட்டேன். எந்தக் கம்பெனி செய்தது, எந்த மாடல், ஏறக்குறைய எந்தக் காலத்து வண்டி என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்து சில வாரங்கள் ஆகின்றன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புனேயிலிருந்து போன் செய்து, "என்னம்மா, வண்டி மாட்டுச்சா?" என்று கேட்டாய். "பார்த்துக்கிட்டு இருக்கேன்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "ஊர்ல இருக்கிற ஓட்டைக் காரையெல்லாம் போட்டோவைப் பார்த்தே சொல்லுவ, வீட்டுக் காருக்கு மட்டும் இவ்வளவு நாளா?" என்று நேற்று கேலி செய்தாய். கேலிக்குச் சிரித்தேன். போனை வைத்த பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். என் காரியங்களை நாலு பேருக்கு முன்னால் பேசுகிறவள் இல்லை நான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உனக்கு மட்டும் சொன்னால் நீ என்ன செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா வருத்தப்படக் கூடாது, அத்தை கோபப்படக் கூடாது என்று எல்லாவற்றையும் உள்ளே அடக்கிக்கொண்டு, சிரித்த முகமாக மணவறையில் உட்காருவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதோடு, அந்தப் படம் நம் வீட்டில் மட்டும் இல்லை. சொந்தக்காரர்கள் பலர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது, எல்லோருடைய போனிலும் இருக்கிறது. நம்மைப் போலத் தங்கவயலிலிருந்து வந்து இங்கே பெங்களூரில் ஜோகுபாளையத்திலும் தொம்மலூரிலும் ஒண்டிக்கொண்ட வேறு குடும்பங்களிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். அதனால் உன் பெயரையும் என் பெயரையும் விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உனக்குப் பேசியிருக்கும் பெண்ணுக்குத் திவ்யா என்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். இதை அவளும் படிக்க வேண்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உன் கொள்ளுத்தாத்தா தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்தவர். மேல்கூரை மடக்கிவிட்ட ஒரு காரின் பின் இருக்கையில், தலைப்பாகையும் கழுத்து கொள்ளாத மாலையுமாக உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் வெள்ளையாக ஏதோ மின்னுகிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கட்டும் பாசிங்கம் என்று சொல்வார்கள். பக்கத்தில் தலை நிறையப் பூவும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலுமாக ஒரு பெண். வண்டியைச் சுற்றிப் பூச்சரம். பின்னாலும் பக்கவாட்டுப் படியிலும் உறவுக்காரர்கள். ஓட்டுநர் இடம் காலி. உன் தாத்தா உயிரோடு இருந்தவரை, வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். "வெள்ளைக்காரன் மட்டும் கார்ல போன காலம்யா அது. எங்கப்பன் கல்யாணத்துக்குப் பிளசர்ல போனவரு." மோட்டார் காருக்கு அந்தக் காலத்தில் பிளசர் என்றுதான் பெயர். நம் குடும்பத்தில் யாராவது கொஞ்சம் மிடுக்காக நடந்தால், "ஆமா, பிளசர்ல போனவரு பேரனாச்சே" என்று குத்திக்காட்டுவார்கள். அந்தக் குத்தலிலும் பெருமை இருக்கும். சுரங்கம் மூடி, வீடு போய், ரயிலில் நின்றுகொண்டே பெங்களூருக்கு வேலைக்கு வந்த நாட்களிலும் உன் அப்பா அந்தப் பெருமையை விடவில்லை. நீயும் விடவில்லை. அதனால்தான் உன் ரிசப்ஷனுக்கு அதே கார் வேண்டும் என்றாய். "அதே மாடல்மா. எக்ஸாக்டா அதே. அவர் மாதிரியே உட்கார்ந்து ஒரு போட்டோ. மண்டப வாசல்ல ரெண்டையும் பெருசு பண்ணி வைக்கிறோம். அன்னைக்கு அவர், இன்னைக்கு நான்."

நான் செய்யும் வேலையை நீ எல்லோரிடமும் பெரிதாகச் சொல்லிவைத்திருக்கிறாய். அது அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை. தொம்மலூரில் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவரின் ஆபீஸ். பழைய புகைப்படங்களை அனுப்பி இது என்ன கார் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. உன் அப்பா போன பிறகு டைப் அடிக்கச் சேர்ந்தேன். அங்கே அலமாரி நிறைய இருந்த புத்தகங்களை யாரும் தொடாததால் நான் தொட்டேன், அவ்வளவுதான். படித்தும் பார்த்தும் எனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டேன். படம் வந்ததும் கறுப்பு அட்டையை வெட்டி, அதில் இருக்கும் மனிதர்களை எல்லாம் மறைத்துவிடுவேன். முகம் இருந்தால் கண் முகத்துக்குத்தான் போகும். முகம் கதை சொல்லும். மனிதர்கள் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு, யாருடைய வண்டியிலோ சாய்ந்துகொண்டு, தங்களுடையது போல நிற்பார்கள். வண்டிக்கு அப்படி நிற்கத் தெரியாது. விளக்கு காஸ் விளக்கா, மின்சார விளக்கா. முகப்பின் விளிம்பு பித்தளையா, நிக்கலா. சக்கரத்துக் கட்டைகள் எத்தனை, டயர் ஒல்லியா, பருமனா. மட்கார்டு தட்டையா, வளைவா. வண்டியை முடித்துவிட்டுத்தான் அட்டையை எடுப்பேன்.

ஒரு முறை மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். அவருடைய தாத்தா காரோட்டும் படம். அட்டையை வைத்துப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பின்னால் நிழலே இல்லை. ஸ்டுடியோக்காரர் பலகையில் வரைந்து வெட்டி வைத்திருந்த கார் அது. பலகைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு எடுத்த படம். பக்குவமாகத்தான் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் மேடம், நம் தாத்தா சுள்ளு ஹேளித்ரா?" என்று கன்னடத்தில் கேட்டார். அவர் தாத்தா பொய் சொல்லவே இல்லை. படம் எடுத்துக்கொண்டார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, காரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது பேரப்பிள்ளைகள்தான். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் எழுதப் பழகிக்கொண்டேன்.

நம் படத்தை நான் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள் முதல் தூசு தட்டியிருக்கிறேன், புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், பூ வைத்திருக்கிறேன். பார்த்ததில்லை. நீ கேட்ட பிறகுதான் சட்டத்திலிருந்து எடுத்து, ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஸ்கேன் எடுத்தேன். வழக்கம் போல அட்டையை வைத்தேன். ஆட்கள் மறைந்ததும் வண்டி தனியாக நின்றது, பூச்சரத்தோடு. முதலில் விளக்குகளைப் பார்த்தேன். மின்சார விளக்குகள். முகப்பு விளிம்பு நிக்கல். டயர் பருமன். எனக்குக் கொஞ்சம் இடித்தது. பிறகு முன் சக்கரத்தைப் பெரிதாக்கினேன். மரக்கட்டைகளுக்கு நடுவில், உள்பக்கமாக, வட்டமாக ஒரு தட்டு. பிரேக். ஆரம்ப காலத்துக் கார்களில் முன் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. பின் சக்கரத்துக்கு மட்டும்தான். இந்த மாதிரி சாதாரண வண்டிகளில் முன் பிரேக் வந்தது போன நூற்றாண்டின் இருபதுகள் பாதி ஓடின பிறகு. உன் கொள்ளுத்தாத்தாவுக்குக் கல்யாணம் ஆனது முதல் உலகப் போருக்கு முன்னால். போர் முடிவதற்குள் அவருக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். இதை உன் தாத்தாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தன் கல்யாண ஊர்வலத்துக்கு ஒருவர், அந்தக் கல்யாணம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் கழித்துச் செய்யப்பட்ட காரில் போக முடியாது.

அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நம்பு. வேறு யாருடைய கல்யாணமோ, தவறாக நம் வீட்டுக்கு வந்த படமோ என்றுதான் நினைத்தேன். அட்டையை எடுத்தேன். எடுத்த பிறகு முதல்முறையாக அவரைப் பார்த்தேன். நெற்றியில் இருந்தது பாசிங்கம் இல்லை. பாசிங்கத்துக்கு இரண்டு பக்கமும் கயிறு இருக்கும், தலைக்குப் பின்னால் கட்டுவார்கள். இதற்குக் கயிறு இல்லை. வட்டமாக, கறுப்பாகக் குழைத்த ஏதோ ஒன்றின் மேல் ஒட்டியிருந்தது. காசு. தலைப்பாகையின் வால் என்று நாம் நினைத்தது கன்னம் வழியாக இறங்கி, தாடைக்குக் கீழே போய், மறு கன்னம் வழியாக ஏறியது. வாய்க்கட்டு. அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து, மாலைக்கு அடியில் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அந்தக் கைக்குரிய ஆள் இருக்கைக்குப் பின்னால் குனிந்து மறைந்திருக்கிறார். நம் ஆட்களில் செத்தவர்களை உட்கார வைத்துத்தான் எடுத்துப்போவார்கள். உனக்கு அது தெரியாது. நீ விவரம் தெரிந்து பார்த்த சாவுகளெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவை.

அவர் சுரங்கத்தில்தான் செத்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பூமிக்கு அடியில் பாறை தானாக வெடித்துச் சரியும். அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அதில் போனார் என்று உன் தாத்தா சொல்வார். அந்தச் சாவையும் இந்தப் படத்தையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பூவும் மாலையும் காரும் இருந்தால் அது கல்யாணம்தானே. கூட வேலை செய்தவர்கள் டவுனிலிருந்து வாடகைக்குக் கார் பிடித்திருப்பார்களோ, உயிரோடு இருந்தபோது அவருக்கு ஏறிப் பார்க்க ஆசை இருந்ததோ, தெரியாது. அவருக்கு வேறு படம் இல்லை. அதனால் புதைக்கப் போகும் முன் ஒன்று எடுத்திருக்கிறார்கள். அதைத்தான் நாம் ஹாலில் மாட்டியிருக்கிறோம்.

முதலில் உன் அத்தையிடம் போனேன். உன் அப்பாவுக்கு அவள் அக்கா மட்டும் இல்லை, வளர்த்தவள். அவளிடம் சொல்லாமல் எதுவும் செய்ய மனம் வரவில்லை. தொம்மலூரில் அவள் வீட்டுக் கட்டிலில் ஸ்கேனைப் பரப்பினேன்.

"இன்னாடி சொல்ற? ஊர்கோலம்டி அது. எங்கப்பா வாயால சொன்னது" என்றாள்.

"நெத்தியைப் பாருங்கக்கா."

"பாசிங்கம்."

"கயிறு எங்கே?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடியும் போட்டுக்கொண்டாள். நெற்றியைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுப் படியில், இடுப்பில் குழந்தையோடு நிற்கும் ஒரு சிறு பெண்ணின் மேல் விரலை வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் என்று நாம் நினைத்தவள். ஸ்கேனில் அவளுடைய ஒரு கண் முழுக்க வெள்ளையாக இருந்தது. "இது எங்க பெரியத்தடி" என்றாள் உன் அத்தை. "அம்மை போட்டு ஒரு கண்ணு போச்சு அதுக்கு. இவரோட மூத்த பொண்ணு." பிறகு அவள் விரல் குழந்தைக்கு நகர்ந்தது. அக்காவின் இடுப்பில் வளர்ந்த கடைசிப் பிள்ளை உன் தாத்தாதான். ஆயுள் முழுக்க அந்தப் படத்தின் முன்னால் நின்று அப்பாவின் கல்யாணம் என்று சொன்னவர், அந்தப் படத்துக்குள்ளேயே அப்பாவின் சாவில் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

உன் அத்தை படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, பொணந்தான். இப்ப இன்னா பண்ணணும்ன்ற? கல்யாண வூட்ல எழவு பேசணுமா? எத்தினி வூட்ல மாட்டிகினு கீறோம். அத்தினி வூட்டுக்கும் போயி எறக்குவியா?"

"அவன் அதே மாதிரி போட்டோ எடுக்கணும்ங்கிறான்க்கா."

"எடுத்துக்கட்டும். தெரியாம செய்றதுக்கு இன்னா தோஷம்? தெரிஞ்சாதான் தோஷம். நீ வாயத் தொறக்காத." பிறகு குரலை இறக்கி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொண்ணு கண்ணு. உன்னியும் கார்ல ஏறச் சொல்லுவான். பாசக்காரப் புள்ள, சொல்லத்தான் சொல்லுவான். நீதான் புத்தியா தள்ளி நின்னுக்கணும். நல்ல நாளு அது." அவளுக்கு என் மேல் அன்பு இல்லாமல் இல்லை. அன்போடுதான் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இத்தனை வருஷமாகத் தள்ளி நின்று பழகியவளுக்கு இன்னொரு நாள் தள்ளி நிற்பது பெரிதாகத் தோன்றவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் அன்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

போன வாரம் திவ்யா வந்தாள். என்னையும் அவளையும் சேர்த்துப் பார்த்த பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா, "அக்காவா?" என்று அவளிடம் கேட்டுவிட்டாள், அதற்காக நெடுநேரம் சிரித்தோம். காபி குடித்துவிட்டு அவள் போனைத் திறந்தாள். அந்தப் படம். "அத்தை, இவங்க சேலை பார்டர் தெரியுதா உங்க ஸ்கேன்ல? நான் அதே மாதிரி நெய்யச் சொல்லிக் கேட்டிருக்கேன். வளையல் கூட இதே மாதிரி முழங்கை வரைக்கும். பூவும் இப்படியே, தோள்ல விழுற மாதிரி. நான் அச்சு அசல் இவங்களா உட்காரப்போறேன், பாருங்க." அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வெட்கத்துல பாருங்களேன், தலையே நிமிரல." பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை.

இதுவரை காரைப் பற்றி எழுதினேன், காசைப் பற்றி எழுதினேன். அவையெல்லாம் ஆபீசில் எழுதுகிற பதிலுக்குப் போதும். எனக்கு அவை தேவைப்படவே இல்லை. அட்டையை எடுத்ததும் அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தலை வெட்கத்தில் குனிந்ததில்லை. அப்படி எப்படிக் குனிவது என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பா அத்திபெலேயில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஃபேக்டரிக்குப் போக ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்தது. வெயில் ஏறாத காலை நேரம். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது துணியில் சுற்றியிருந்தார்கள், முகம் மட்டும் வெளியே. உன்னைப் பக்கத்துத் தெருவில் உன் சிநேகிதன் வீட்டில் விட்டிருந்தார்கள், கடைசியாகத்தான் கூட்டிவந்தார்கள். அதற்கு முன் நடந்தது உனக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. என்னைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசினார்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்த புதுச் சேலையைக் கட்டினார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். தலையில் வைக்க இடமில்லாமல், தோளில் விழும்படி பூ வைத்தார்கள். இது கடைசித் தடவை என்பதால் குறையே இருக்கக் கூடாதாம். உன் அத்தைதான் வைத்தாள். அழுதுகொண்டே ஊக்குக் குத்தியதில் என் காதோரம் கிழித்துவிட்டது. உன் அப்பாவின் நெற்றியில் காசு நிற்காமல் வழுக்கியது; யாரோ சந்தனத்தைக் குழைத்து ஒட்டினார்கள். அவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என் கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு பூ வைக்கவில்லை. பூவின் கனத்துக்குத்தான் கண்ணா தலை குனியும். அப்போது யாரோ போனில் ஒரு படம் எடுத்தார்கள். பல வருஷம் கழித்து அது சுற்றிச் சுற்றி என் போனுக்கே வந்தது. என்ன ஏது என்று தெரியாதவர்கள் பார்த்தால் நானும் மணப்பெண்தான்.

திவ்யா காட்டிய படத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, வாழ்நாளில் பூவோடு எடுத்த படம் அது ஒன்றுதான். அவளுக்கு அப்போது என் வயதுதான் இருந்திருக்கும், அதாவது உன் அப்பா போனபோது எனக்கிருந்த வயது. படம் எடுத்து முடித்ததும் அவளைக் காரிலிருந்து இறக்கியிருப்பார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அவள் தெருவில் நிற்க, கார் போயிருக்கும். பிறகு பூவையும் வளையலையும் எடுத்திருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து, அப்பா எங்கே என்று கேட்டபோது, சுவரில் இருந்த படத்தைக் காட்டி அவள் சொன்னது ஒரே வாக்கியம். அதைத்தான் நம் குடும்பம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது: பிளசர்ல போனாரு. போனார் என்றால் நம் மொழியில் இரண்டு அர்த்தம். அவள் சொன்னது ஒன்று, பிள்ளைகளுக்குக் கேட்டது இன்னொன்று. கேட்டவர்கள் மேல் தப்பில்லை, கைக்குழந்தைக்கு வேறு எப்படிக் கேட்கும்? அவளும் திருத்தவில்லை, விவரம் தெரிந்த மூத்த பெண்ணும் திருத்தவில்லை. ஒரு நாள் நன்றாக யோசித்துப்பார். அது கல்யாணமாக இருந்திருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து ஊர்வலம் போயிருந்தால், அவள் "போனோம்" என்றுதானே சொல்லியிருப்பாள்? இத்தனை வீடுகளில், இத்தனை பேர் வாயில், ஒரு தடவையாவது "பிளசர்ல போனாங்க" என்று கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. அந்த ஒற்றைச் சொல்லில் அவள் உண்மையைத்தான் வைத்துவிட்டுப் போனாள். பழைய படங்களைப் படிக்கிறவள் என்று பெயர் வாங்கிய எனக்கே, ஒரு பிரேக் தட்டைப் பார்த்த பிறகுதான் அது காதில் விழுந்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நான் குடும்பம் நடத்திய காலம் கொஞ்சம். அதில் கற்றுக்கொண்டதும் கொஞ்சம். பழையது என்பதற்காக எதையும் அப்படியே திரும்பச் செய்யாதே. அது யாருக்கு எப்படி முடிந்தது என்று முதலில் பார். உன் பெண்டாட்டி தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் அது வெட்கம் என்று நீயே முடிவு செய்துவிடாதே, கேள். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார் என்பதை நீ ஆறு வயதிலிருந்து கேட்டுச் சலித்திருக்கிறாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

மண்டப வாசலில் அந்தப் படத்தை வைக்க வேண்டாம். சுவரிலிருந்து எடுக்கவும் வேண்டாம். நம் ஹாலில் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இனிமேல் யாருடைய படம் என்று தெரிந்து பூ வைப்போம். திவ்யா தனக்குப் பிடித்த சேலையைக் கட்டட்டும், அந்தச் சேலையை அல்ல. காரை மட்டும் விட வேண்டாம். அதே மாடல் ஓடும் நிலையில் ஒன்று பெங்களூரிலேயே இருக்கிறது. அதன் சொந்தக்காரரிடம் பேசிவிட்டேன், தருகிறேன் என்கிறார். வேண்டுமா வேண்டாமா என்று இதைப் படித்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் எனக்குப் புரியும்.

வேண்டும் என்றால் எனக்கு ஓர் இடம் வை. அத்தைக்குத் தலையாட்டிவிட்டு வந்தது நிஜம்தான். ஆனால் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த இந்த வாரங்களில் என் மனது மாறிவிட்டது. படத்தில் இருக்கிறவளைக் காரிலிருந்து இறக்கினார்கள். என்னை ஏறுவதற்கு முன்பே இறங்கச் சொல்கிறார்கள். நான் ஏறப்போகிறேன். முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில். அத்தை முகத்தைத் தூக்கிக்கொள்வாள், இரண்டு பேர் ஜாடையாகப் பேசுவார்கள். பேசட்டும், நீ குறுக்கே போகாதே. பூ வைத்துக்கொள்வேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கழுத்தில் இறங்கிய அந்தக் கனம் இன்னும் நினைவில் இருக்கிறது. எதற்கும் அல்சூர் மார்க்கெட்டில் திவ்யாவுக்கு வாங்கும்போது எனக்கும் இரண்டு முழம் சேர்த்து வாங்கு. கையிலாவது வைத்திருக்கிறேன்.

ஒரு சுற்றுப் போய்விட்டு மூன்று பேரும் மண்டப வாசலிலேயே வந்து இறங்குவோம். இறங்கிய பிறகு படம் எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் உன் பிள்ளைகள் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால், பிளசர்ல போனாங்க என்று பாதியில் நிறுத்திவிடாதே. போய்ட்டு வந்தாங்க என்று முழுவதும் சொல்.

அம்மா